பனியன் மேல ஒரு பிளாஸ்டிக் தாள்: 0.1 சதவீதத்தின் கதை

குழந்தை டி-ஷர்ட்டில் இருக்கும் பொம்மைப் படத்தை விரலால் தடவிப் பாருங்கள். துணி மாதிரி இருந்தால் அது பிக்மென்ட் பிரிண்ட். ரப்பர் மாதிரி வழவழப்பாக, இழுத்தால் துணியோடு சேர்ந்து விரிந்து, துணியின் இழைகளை முழுசா மூடியபடி இருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்டிசால். அதாவது பி.வி.சி. பிளாஸ்டிக். "நூறு சதவீதம் காட்டன்" என்று லேபிளில் போட்டிருக்கும். அந்த நூறு துணிக்குத்தான். மேலே இருக்கும் படத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிளாஸ்டிக்கில் இருக்கும் கெமிக்கல் என்றதும் நாம் தண்ணி பாட்டிலைப் பற்றித்தான் பேசுவோம். திருப்பூரை வைத்துப் பேசினால் வேறொரு கதை கிடைக்கிறது. ஒரு வேதிப்பொருள் நம் அன்றாட வாழ்க்கையிலிருந்து எப்படி வெளியேறுகிறது, யாருடைய வாழ்க்கையிலிருந்து முதலில் வெளியேறுகிறது என்ற கதை அது. கொஞ்சம் பின்னாடி போய் ஆரம்பிக்கலாம்.

எண்ணெய் ஊறிய போண்டா

பி.வி.சி. தனியாக இருந்தால் கட்டையாக இருக்கும். வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். 1926-ல் அமெரிக்காவில் குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் என்ற வேதியியலாளர் அதை அதிகக் கொதிநிலை கொண்ட ஒரு திரவத்தில் போட்டுச் சூடாக்கினார். ஆறியபோது வளைகிற, ரப்பர் மாதிரியான பொருள் கிடைத்தது. மழைக்கோட்டு, ரெக்சின் சீட், வயர் உறை, செருப்பு, தோட்டத்து டியூப் எல்லாம் இந்தப் பரம்பரைதான். இப்படி மென்மையாக்கும் திரவத்துக்கு பிளாஸ்டிசைசர் என்று பெயர். 1930களுக்குப் பிறகு அதிகம் பயன்பட்டது தாலேட் என்ற குடும்பம். அதில் மூத்தவர் டி.இ.ஹெச்.பி.

முக்கியமான விஷயம் என்னவென்றால், இந்தத் திரவம் பிளாஸ்டிக்கோடு வேதிப் பிணைப்பில் இல்லை. சும்மா ஊறிக் கிடக்கிறது. போண்டாவை பேப்பரில் வைத்தால் எண்ணெய் இறங்குகிறது இல்லையா, அதே கதை. சூடு பட்டால் வேகமாக வெளியே வரும். எண்ணெய்ப் பண்டம் தொட்டால் அதற்குள் போகும். குழந்தை வாயில் வைத்துச் சப்பினால் எச்சிலில் வரும்.

பிளாஸ்டிசால் என்பது பி.வி.சி. பவுடரை இந்தத் திரவத்தில் குழைத்த பேஸ்ட். ஸ்கிரீன் மேல் ஊற்றி, ஸ்க்யூஜியால் இழுத்து, சுமார் 160 டிகிரி சூட்டில் கியூரிங் மெஷினில் விட்டால் பேஸ்ட் ஒரே தாளாக உருகிப் பிடித்துக்கொள்ளும். பிரிண்டிங் பட்டறைக்காரர்களுக்கு இது ஏன் பிடித்தது என்பது எளிது. தண்ணீர் இங்க் ஸ்கிரீனிலேயே காய்ந்து கண்ணை அடைத்துவிடும். பிளாஸ்டிசால் சூடு பண்ணும்வரை காயாது. மதியம் சாப்பிடப் போய்விட்டு வந்து அதே ஸ்கிரீனில் தொடரலாம். கறுப்புத் துணி மேல் வெள்ளைப் படமும் பளிச்சென்று நிற்கும். பொருள் நல்லா வேலை செய்யுது, விலையும் கட்டுப்படியாகுது. அப்புறம் யார் மாற்றப் போகிறார்கள்?

வெள்ளை பனியனிலிருந்து வண்ணப் படத்துக்கு

திருப்பூரில் பின்னலாடை 1920களில் தொடங்கியது. பல பத்தாண்டுகள் வெள்ளை பனியன், ஜட்டி, உள்நாட்டு வியாபாரம். 1978 வாக்கில் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்ததுதான் ஏற்றுமதியின் ஆரம்பம் என்று ஊரில் சொல்வார்கள். 1985-ல் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் உருவானது. இன்றைக்கு ஆண்டு ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்.

வெள்ளை பனியன் வண்ணத் துணியானபோது சாயப்பட்டறைகள் பெருகின. வண்ணத் துணி ஃபேஷன் டி-ஷர்ட் ஆனபோது பிரிண்டிங் பட்டறைகள் பெருகின. ரெண்டுமே பெரும்பாலும் ஜாப் ஒர்க். துணி ஒருத்தருடையது, சாயம் இன்னொருத்தர், படம் மூன்றாமவர். இந்த அமைப்பில் ஒரு டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியவர் யார் என்பதே தெளிவில்லை. சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால், நாலு அடுக்கு கீழே இருக்கும் லைப்ரரியில் என்ன கோட் இருக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. வெளியே ஏதாவது உடைந்தால்தான் தெரியும்.

முதல் பாடம்: சாயம்

உடைந்தது 1994-ல். ஜெர்மனி அந்த ஆண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. உடைந்து பென்சிடின் போன்ற, புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை வெளியிடும் சில அசோ சாயங்கள் தோலில் படும் துணியில் இருக்கக் கூடாது. 1996-லிருந்து அது முழுசாக நடைமுறைக்கு வந்தது. பெரிய சந்தை ஜெர்மனி. திருப்பூருக்கு வேறு வழி இல்லை. சாயம் வாங்கும்போதே சான்றிதழ் கேட்பதும், துணி மாதிரியை டெஸ்டிங் லேபுக்கு அனுப்புவதும் தொழிலின் அங்கமாயின. இந்திய அரசும் 1990களிலேயே 112 சாயங்களைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-ல் இதைத் தன் எல்லா நாடுகளுக்கும் விதியாக்கியது.

இந்தப் பாடத்தில் ஒன்றைக் கவனிக்கணும். சாய விஷயத்தில் இந்தியச் சட்டமும் வந்தது. அதனால் ஏற்றுமதித் துணிக்கும் நம்ம ஊர்த் துணிக்கும், காகிதத்திலாவது, ஒரே விதி. அடுத்து வந்த பிளாஸ்டிக் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை.

ரத்தப் பையிலிருந்து பொம்மைக்கு

தாலேட் பற்றிய முதல் மணி துணியில் அடிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் அடித்தது. 1970-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜேகர், ரூபின் என்ற ரெண்டு ஆய்வாளர்கள், பிளாஸ்டிக் பையில் வைத்த ரத்தத்துக்குள் அந்தப் பையின் பிளாஸ்டிசைசர் கரைந்து வருவதைக் காட்டினார்கள். அது நோயாளியின் உடலுக்குள்ளும் போகிறது. ஊறிக் கிடக்கும் எண்ணெய் வெளியே வரும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

அடுத்த பத்தாண்டுகளில் எலிகளில் செய்த ஆய்வுகள், கருவில் இருக்கும் ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்பு வளர்ச்சியைச் சில தாலேட்கள் கெடுப்பதைக் காட்டின. 2005-ல் ஷானா ஸ்வான் குழுவினர், கர்ப்ப காலத்தில் தாயின் சிறுநீரில் இருந்த தாலேட் அளவுக்கும் பிறந்த ஆண் குழந்தைகளின் உறுப்பு வளர்ச்சியில் தெரிந்த சிறு மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதாக வெளியிட்டார்கள். தொடர்பு என்பது நிரூபணம் ஆகாது. ஆனாலும் எலியில் பார்த்ததன் சாயல் மனிதரிலும் தெரிந்தது என்பதால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஐரோப்பா அதுவரை காத்திருக்கவில்லை. 1999 டிசம்பரில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் வாயில் வைக்கும்படி செய்த பி.வி.சி. பொம்மைகளில் ஆறு தாலேட்களுக்கு அவசரத் தடை போட்டது. தற்காலிகம் என்று போட்ட தடையைத் திரும்பத் திரும்ப நீட்டி, 2005-ல் நிரந்தரமாக்கியது. அங்கேதான் அந்த எண் வருகிறது: 0.1 சதவீதம். அமெரிக்காவில் 2007-ல் ஈயப் பெயின்ட் பொம்மைகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பரபரப்பில் 2008 ஆகஸ்டில் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் பொம்மைக்கும், தூங்க, சாப்பிட உதவும் குழந்தைப் பொருட்களுக்கும் அதே 0.1 சதவீதம்தான். சின்னக் குழந்தைகளின் இரவு உடையும் அந்த வகையில் வந்தது.

ஏன் 0.1?

இந்த எண் ஒரு கெட்டிக்கார எண். பி.வி.சி.யை மென்மையாக்க நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு திரவம் வேண்டும். 0.1 சதவீதம் போட்டால் எந்தப் பயனும் இல்லை. ஆகவே இந்த விதியின் உண்மையான அர்த்தம் "குறைவாகப் போடு" என்பதல்ல, "போடவே போடாதே" என்பது. ஏற்கெனவே அங்கே இங்கே ஒட்டியிருக்கும் மிச்சத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள்.

அந்த மிச்சத்திலும் பட்டறைக்காரர்கள் மாட்டிக்கொள்ளலாம். புது இங்க் வாங்கி, பழைய இங்க் கலக்கிய அதே பக்கெட்டில் ஊற்றி, அதே ஸ்க்யூஜியால் இழுத்தால் போதும். பழசு முப்பது சதவீதம் என்றால், புதுசில் அது முந்நூறில் ஒரு பங்கு கலந்தாலே 0.1 வந்துவிடும். லாட் ஃபெயில். அதனால்தான் தாலேட் இல்லாத இங்குக்குத் தனி பக்கெட், தனி ஸ்கிரீன், தனி ஸ்க்யூஜி வேண்டும் என்று சொல்கிறார்கள்.

2012 நவம்பரில் கிரீன்பீஸ் ஒரு அறிக்கை வெளியிட்டது. 29 நாடுகளில் கடைகளிலிருந்து 20 பிராண்டுகளின் 141 உடைகளை வாங்கிச் சோதித்தார்கள். பிளாஸ்டிசால் படம் போட்ட 31 உடைகளிலும் தாலேட் இருந்தது. பெரும்பாலானவற்றில் சிறிய அளவு. நான்கில் மிக அதிகம். உச்சம், அச்சிட்ட பகுதியின் எடையில் 37.6 சதவீதம். பத்து கிராம் எடையுள்ள படத்தில் கிட்டத்தட்ட நாலு கிராம் அந்தத் திரவம். 0.1 என்ற விதிப்படி அதே பத்து கிராமில் பத்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உடைக்கும் பொம்மைக்கும் நடுவே அன்று எவ்வளவு பெரிய ஓட்டை இருந்தது என்று இதில் தெரியும்.

அந்த ஓட்டையை ஐரோப்பா 2020 ஜூலையில் அடைத்தது. டி.இ.ஹெச்.பி. உட்பட நான்கு தாலேட்களுக்கு, தோலில் படும் மென்பிளாஸ்டிக் இருக்கும் பெரும்பாலான பொருட்களில் 0.1 சதவீத வரம்பு வந்தது. பெரிய பையர்களின் தடைப் பட்டியலில் அதற்கு முன்பே இது இருந்தது. ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் சான்றிதழ் ஒரு படி மேலே போய் பி.வி.சி. பிரிண்டையே அனுமதிப்பதில்லை.

நொய்யலுக்கு யார் பையர்?

இங்கே ஒரு ஒப்பீடு. துணிக்குள் இருக்கும் கெமிக்கலை ஒரு பையரின் மின்னஞ்சல் சில மாதங்களில் மாற்றிவிடுகிறது. துணிக்கு வெளியே போன கெமிக்கல் என்ன ஆனது? 1992-ல் நொய்யலுக்குக் குறுக்கே பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையானது. விவசாயிகள் 1990களிலேயே நீதிமன்றம் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவை ஆற்றில் விடாத நிலைக்கு வரச் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. கடைசியில் 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பதினைந்து வருஷப் போராட்டம்.

திறமையும் தொழில்நுட்பமும் ஒரே ஊரில்தான் இருந்தன. வித்தியாசம் ஒன்றுதான். ஜெர்மன் குழந்தைக்காகப் பேச ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் இருந்தது. அதை மீறினால் சரக்கு நிற்கும், பணம் நிற்கும். நொய்யல் விவசாயிக்கு ஆர்டர் ஷீட்டில் இடமே இல்லை. அவருக்காகப் பேச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

காதர்பேட்டையில் குழந்தை டி-ஷர்ட் வாங்கும் நம்ம ஊர் அப்பா அம்மா எந்தப் பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்டர் ஷீட்டும் கிடையாது, வழக்கும் கிடையாது. விலை, சைஸ், கலர், படம். கேள்வி அதோடு முடிகிறது.

சட்டம் சும்மா இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகளின் பால் பாட்டிலில் பிஸ்பினால்-ஏ கூடாது என்று இந்தியத் தர அமைவனம் 2015-ல் தரத்தைத் திருத்தியது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்குத் தர ஆணை கட்டாயம். அதில் தாலேட் வரம்பும் உண்டு. ஆனால் அது பொம்மைக்கான ஆணை. ஒரு கரடி பொம்மையின் பிளாஸ்டிக் மூக்கு அந்த ஆணைக்குள் வரும். அதே கரடியை டி-ஷர்ட்டில் ரப்பர் படமாக அடித்தால் வராது. குழந்தையின் வாய்க்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் அளவு தெரியணும். பெரியவர்களுக்கு டி.இ.ஹெச்.பி. அதிகம் உள்ளே போகும் வழி சட்டை அல்ல, சாப்பாடு. சட்டைப் படம் முக்கியமாவது எதையும் வாயில் வைக்கும் சின்னக் குழந்தைகளுக்கு.

நல்ல செய்தி, இந்தக் குடும்பம் உடம்பில் ரொம்ப நாள் தங்குவதில்லை. ஓரிரு நாளில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். போனதை மறுபடி தினமும் நிரப்பிக்கொள்வதுதான் பிரச்சனை. 2011-ல் அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு மூன்று நாள் மட்டும் பிளாஸ்டிக், டின் படாத புதுச் சமையல் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் டி.இ.ஹெச்.பி. எச்சங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. பிஸ்பினால்-ஏ சுமார் 66 சதவீதம் குறைந்தது. மூன்றே நாள்!

எல்லா பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல என்பதும் தெரிஞ்சுக்கணும். அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 3 என்றால் பி.வி.சி., தாலேட் அதிகம் வாழும் வீடு. 2-ம் 5-ம் வேறு வகை, மென்மையாக்க தாலேட் தேவையில்லை. இதை வைத்து என் வீட்டில் நாங்கள் கடைப்பிடிப்பவை:

- கைக்குழந்தைகளுக்கு ரப்பர் படம் போட்ட சட்டை வாங்குவதில்லை, பரிசாகவும் கொடுப்பதில்லை. பிக்மென்ட் பிரிண்ட், எம்பிராய்டரி, பிளைன். படம் இருக்கும் சட்டையைத் திருப்பிப் போட்டுத்தான் அயர்ன் பண்ணுவோம். பிசுபிசுக்கிற, வாடை அடிக்கிற பிரிண்ட் வேண்டவே வேண்டாம்.
- டைனிங் டேபிள் மேல் விரிக்கும் கண்ணாடி மாதிரி ஷீட் பெரும்பாலும் பி.வி.சி. அதன் மேல் நேரடியாகச் சப்பாத்தி, வடை வைப்பதில்லை. சூடான பாத்திரத்துக்கு அடியில் துணி.
- தண்ணி வரும் நாளில் டிரம் நிரப்பும் டியூபும் அதே இனம்தான். வெயிலில் கிடந்த டியூபில் முதலில் வரும் சூடு தண்ணி செடிக்கு. குடிக்கிற தண்ணிக்கு உணவுத்தர டியூப்.
- பார்சல் சாம்பார், குழம்பு, டீக்கு எவர்சில்வர் தூக்கு. மெல்லிய கவர் தாலேட் பொருள் அல்ல என்றாலும், சூடும் எண்ணெயும் சேர்ந்தால் அதில் இருக்கும் மையும் மற்ற சேர்க்கைகளும் இறங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் சாப்பாடு மடிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் பிளாஸ்டிக் கவருக்கும் தடை இருக்கிறது. அது குப்பைக்காக வந்த தடை. வயிற்றுக்கும் நல்லது.
- இட்லிக்குத் துணி. 2025 பிப்ரவரியில் கர்நாடகத்தில் சோதித்த சுமார் 250 இடங்களில் ஐம்பதுக்கு மேல் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் இட்லி வேக வைத்ததால் அரசு தடை போட்டது. பருத்தி ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

இதில் செலவு அதிகம் பிடிப்பது எதுவும் இல்லை. ஆனால் வீட்டுப் பட்டியல் ஒரு எல்லைக்கு மேல் போகாது. கடையில் சட்டையைத் தடவிப் பார்த்து ரப்பரா என்று சொல்லலாம். அதில் தாலேட் இருக்கா, அதற்குப் பதில் வந்த வேறு பிளாஸ்டிசைசர் இருக்கா என்று எந்த விரலும் சொல்லாது. அதற்கு லேப் வேண்டும். லேப் போக ஒரு விதி வேண்டும்.

அந்த விதி வந்தால் திருப்பூரால் முடியுமா? ஏற்கெனவே முடித்துக் காட்டிய ஊர். தாலேட் இல்லாத இங்க் கிடைக்கிறது, தண்ணீர் இங்க், சிலிக்கான் இங்க் கிடைக்கிறது, சோதிக்க லேப் இருக்கிறது, பக்கெட்டைத் தனியாக வைக்கத் தெரிந்த தொழிலாளிகள் இருக்கிறார்கள். ஒரே பட்டறையில் ரெண்டு வகை இங்க் வைப்பதைவிட ஒரே வகை வைப்பது நிர்வாகத்துக்கும் சுலபம். கியூரிங் மெஷின் வாசலில் எட்டு மணி நேரம் நின்று அந்தச் சூட்டுப் புகையை வாங்கும் ஆளுக்கு அதுதான் பெரிய விடுதலை. சரக்கு ஹாம்பர்க் போகிறதா, ஹூப்ளி போகிறதா என்று அவர் மூக்குக்குத் தெரியாது.

1994-ல் ஜெர்மனி சாயத்தைத் தடுத்தபோது நம் அரசும் கூடவே தடுத்தது. பிளாஸ்டிசாலில் அந்த ரெண்டாவது படி பாக்கி. பொம்மை ஆணையில் இருக்கும் அதே வரம்பைக் குழந்தை உடையின் பிரிண்டுக்கும் நீட்டினால் போதும், புதுசாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். அதுவரைக்கும் கடையில் நாம் கேட்கும் கேள்வியில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம்: "அண்ணா, இது ரப்பர் பிரிண்டா, தண்ணி பிரிண்டாங்க?" பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். பர்ச்சேஸ் ஆர்டர் என்பது கடைசியில் யாரோ ஒருத்தர் கேட்ட கேள்விதானே.